வகுப்பறைக்குப் போகும் வழி – 7: குச்சிக்கிழங்குக் காட்டில் ஒரு பாடக்குறிப்பு

சென்ற வாரம் ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாளோடு நிறுத்தியிருந்தோம். 150 கேள்விகள், அதில் 60 கணக்கும் அறிவியலும். தாவரவியலோ விலங்கியலோ படித்தவர்கள், கல்லூரியில் சேர்ந்த நாளில் மூட்டை கட்டி வைத்த கணக்கை மறுபடி பிரித்துப் படிக்கிறார்கள். தேறினாலும் உடனே வேலை கிடையாது. 2018-ல் வந்த அரசாணைக்குப் பிறகு நியமனத்துக்கென்று தனியாக இன்னொரு போட்டித் தேர்வு எழுத வேண்டும். இந்தக் கவலை பி.எட். சேர்ந்த கொஞ்ச நாளிலேயே தொற்றிக்கொள்கிறது. அதனால் படிப்பின் மிக நல்ல பகுதியான கற்பித்தல் பயிற்சி, கழித்துக்கட்ட வேண்டிய கடமையாகச் சுருங்கிவிடுகிறது. எனக்கு மனம் பொறுக்காத இடம் இதுதான்.

2015-ல் பி.எட். இரண்டு வருடப் படிப்பானது. அந்த மாற்றத்தின் முக்கியமான லாபமே, பள்ளியில் இருக்கும் காலம் கூடியதுதான். முதல் வருடம் நான்கு வாரம், இரண்டாம் வருடம் பதினாறு வாரம். தறிச்சத்தம் ஓயாத குமாரபாளையத்து அரசு கல்வியியல் கல்லூரியில் படித்தாலும் சரி, நாமக்கல் பக்கத்துத் தனியார் கல்லூரியில் படித்தாலும் சரி, பதினாறு வாரம் ஒரு பள்ளியில் நின்றாக வேண்டும். ஆனால் அந்த வாரங்களில் பயிற்சி ஆசிரியர்களின் இரவுகள் எதில் கழிகின்றன? ரெக்கார்டு எழுதுவதில், தெர்மாகோலில் செல் மாதிரி வெட்டுவதில். வீட்டில் அம்மா, தம்பி என்று எல்லோரும் கூட உட்கார்ந்து வண்ணம் தீட்டுகிறார்கள். பள்ளிக்குப் போனால், லீவு போட்ட ஆசிரியரின் பீரியடை நிரப்பும் வேலையும் பல நேரம் இவர்கள் தலையில்தான் விழுகிறது.

அந்தப் பள்ளியின் சுவருக்கு அந்தப்புறம் என்ன விளைகிறது? ஆத்தூர், ராசிபுரம், சேந்தமங்கலம் பக்கம் என்றால் குச்சிக்கிழங்கு. புத்தகத்தில் மரவள்ளி என்று இருக்கும். இந்தக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி எடுப்பது, இரண்டாம் உலகப் போரின்போது வெளிநாட்டு ஜவ்வரிசி வரத்து நின்ற சமயத்தில் வேர்பிடித்த தொழில். இன்று இந்த ஊர்களில் எத்தனையோ வீடுகளின் வரவு செலவு சேகோ மில்லை நம்பியிருக்கிறது.

2020-ல் இந்தப் பயிருக்குப் புதிதாக ஒரு மாவுப்பூச்சி வந்து சேர்ந்தது. முதலில் கேரளத்தில் தென்பட்டது, பிறகு நம் பக்கம் பரவியது. நுனிக்கொழுந்து சுருண்டு, கணுவிடை குறுகி, செடி குட்டையாகக் கூம்பிப் போகும். தென்னமெரிக்காவைச் சேர்ந்த பூச்சி. அதன் எதிரிகளெல்லாம் அங்கேயே தங்கிவிட்டன. ஆப்பிரிக்கா இதே அடியை 1970-களில் வாங்கியது. அங்கே கோடிக்கணக்கான பேருக்கு மரவள்ளிதான் சோறு. பராகுவேயில் 1981-ல் இந்த மாவுப்பூச்சியையும் அதைத் தின்னும் குளவி ஒன்றையும் கண்டுபிடித்தார்கள். அனாகைரஸ் லோபெசி என்ற அந்தக் குளவியைப் பெருக்கி ஆப்பிரிக்கா முழுக்க விட்ட பணிக்குத் தலைமை தாங்கியவர் ஹான்ஸ் ஹெரன். 1995-ல் உலக உணவுப் பரிசு பெற்றார். அதே குளவி பெனின் நாட்டிலிருந்து பெங்களூருவுக்கு வந்து, ஆய்வுக்கூடத்தில் பெருகி, 2022 மார்ச்சில் நம் ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் விடப்பட்டது.

பன்னிரண்டாம் வகுப்பு விலங்கியலின் முதல் பாடத்தில் கன்னி இனப்பெருக்கம் வருகிறது. பெண்ணை மட்டும் பெறும் வகைக்குப் புத்தகம் தரும் உதாரணம் சொலனோபியா என்கிற அந்துப்பூச்சி. சேலத்துப் பிள்ளைகள் அதைப் பார்க்கப்போவதில்லை; பெயரை மனப்பாடம் செய்வார்கள். வெளியே காட்டில் இருக்கும் மாவுப்பூச்சியும் ஆணே இல்லாமல் பெண் குஞ்சுகளாகவே பெருகுகிறது. அதன் மேல் உட்காரும் குளவியிலோ, கருவுறாத முட்டை ஆணாகிறது, கருவுற்றது பெண்ணாகிறது. பாடத்தில் வரும் வகைகளில் இரண்டு ஒரே இலையில் இருக்கின்றன.

பாதிப்பு உள்ள காட்டில் ஒரு கொழுந்தைப் புரட்டி, கைலென்ஸ் வைத்துப் பாருங்கள். வெள்ளை மாவு பூசிய பூச்சிகளுக்கு நடுவே சில மட்டும் மாவு உதிர்ந்து, உப்பி, பழுப்பாக விறைத்திருக்கும். உள்ளே குளவியின் புழு தின்று தீர்த்துக் கூட்டுப்புழுவாகிவிட்டது என்று அர்த்தம். சிலவற்றில் வட்டமாக ஓர் ஓட்டை தெரியும், குளவி வெளியேறிவிட்டது. ஓட்டை விழாதவற்றைக் கண்ணாடி பாட்டிலில் போட்டு, நெருக்கமாக நெய்த துணியை வாயில் கட்டி வகுப்பறை ஜன்னலில் வைத்தால், சில நாளில் ஒன்றரை மில்லிமீட்டர்கூட இல்லாத குளவிகள் உள்ளே ஊர்வதைப் பிள்ளைகள் பார்க்கலாம். ஒன்றில் மட்டும் கவனம் தேவை: பூச்சி இல்லாத ஊருக்குக் குச்சியோ கொழுந்தோ எடுத்துப் போகக் கூடாது. கரணை வழியாகத்தான் இது ஊர்விட்டு ஊர் போகிறது.

பாடக்குறிப்பில் ‘ஆர்வமூட்டல்’ என்று ஒரு கட்டம் உண்டு. வழக்கமாக அதில், பதில் எல்லோருக்கும் தெரிந்த இரண்டு கேள்விகளை எழுதுவார்கள். அந்த இடத்தில் இந்தக் கொழுந்தை வைத்தால் போதும். “டீச்சர், எங்க காட்டுலயும் இப்படித்தான் சுருட்டிக்கிட்டுக் கெடக்கு” என்று ஒரு பிள்ளை எழுந்து சொல்லும். அதற்கப்புறம் ஆசிரியர் கேட்க வேண்டியது ஒன்றுதான்: மருந்து அடித்தால் குளவி என்ன ஆகும்?

போர்ஷன் முடியாதே என்பார்கள். நியாயமான பயம்தான். ஆனால் இதற்கு ஒரு பீரியட் போதும். அந்த ஒரு பீரியடுக்குத் துணிச்சல் கொடுக்க வேண்டியவர் வழிகாட்டி ஆசிரியர். சார்ட்டும் மாடலும் இல்லாமல் வந்த பாடக்குறிப்பு என்று திருப்பி அனுப்பாமல், கொழுந்தையும் கற்றல் உபகரணம் என்று ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டும்.

குளவியைப் பற்றி இன்னும் ஒரு செய்தி. தாய்க் குளவி ஆளைப் பார்த்து முட்டையிடுகிறது. பெரிய மாவுப்பூச்சி கிடைத்தால் பெரும்பாலும் பெண்ணாகும் முட்டை, சின்னதென்றால் ஆணாகும் முட்டை. ஏன் அப்படி என்பதைப் பயிற்சி ஆசிரியர்கள் தங்கள் வகுப்பில் கேட்டுப் பாருங்கள். பிள்ளைகள் சொன்ன பதில்களை எனக்கு எழுதுங்கள். அவற்றோடு அடுத்த வாரம் முதுகலை ஆசிரியர் தேர்வுக்குப் போவோம்.

(தொடரும்)