வகுப்பறையைக் கூடிப் பார்க்கும் ஆய்வு

ஆசிரியர் பலகையில் எழுதிக்கொண்டிருக்கையில் பின்வரிசையில் இரு மாணவர்கள் விடையைப் பற்றி வாதிட்டுக்கொண்டிருந்தால், இரண்டையும் ஒருசேரக் குறிப்பேட்டில் பதிவது எத்தகைய தேர்ந்த ஆய்வாளருக்கும் இயலாது. அதனினும் பெரிய குறை, அக்குறிப்பு சரிதானா என்று இன்னொருவர் சோதித்துப் பார்க்க வழியில்லாமற்போவதாகும். கல்வி ஆய்வில் காணொளி பெற்ற உயர்ந்த இடத்துக்கு இந்த இரண்டாவது குறையைத் தீர்த்ததே முதன்மையான காரணம் எனலாம்.

1990களின் நடுவில், கல்வி ஆய்வாளர் ஜேம்ஸ் ஸ்டிக்லரின் தலைமையில், ஜெர்மனி, ஜப்பான், அமெரிக்கா ஆகிய நாடுகளின் 231 எட்டாம் வகுப்புக் கணிதப் பாடங்கள் படமாக்கப்பட்டு, கணினியில் ஏற்றப்பட்டு, பேசப்பட்ட ஒவ்வொரு சொல்லும் எழுத்தில் பெயர்க்கப்பட்டு, அது பேசப்பட்ட நொடியுடன் இணைக்கப்பட்டது. இவ்விணைப்பே எண்முறைக் கருவிகளின் உயிர்நாடி. ஒரு வரியைச் சொடுக்கினால் அக்காட்சி கண்முன் வருவதால், ஒருவரது முடிவை மற்றவர் உடனே உரசிப் பார்க்க முடிகிறது. அடுத்து வருவது குறியிடல், அதாவது ஒவ்வொரு நிகழ்வும் எவ்வகையைச் சேர்ந்தது என்று முத்திரையிடுவது. அதே காட்சிக்கு இருவர் தனித்தனியே இடும் முத்திரைகள் போதிய அளவு ஒத்துப்போகாவிட்டால், வகைப்பாட்டின் வரையறையே திருத்தப்படும்.

இதைத் தொடர்ந்து நடந்த அடுத்த ஆய்வு ஏழு நாடுகளின் 638 கணிதப் பாடங்களை எடுத்துக்கொண்டது. கருத்துகளை ஒன்றோடொன்று இணைத்துச் சிந்திக்கத் தூண்டும் கணக்குகள் அமெரிக்க வகுப்புகளில் ஏறத்தாழ 17 விழுக்காடு இருந்தும், வகுப்பில் செய்யும்போது அவற்றில் அநேகமாக எதுவுமே அவ்வாறு சிந்திக்கத் தூண்டும் வகையில் கையாளப்படவில்லை என்று அது கண்டது. பாடநூலை மட்டும் புரட்டிய எவருக்கும் இது புலப்பட்டிருக்காது.

எண்ணிக்கையைக் காட்டிலும் ஆழமான பயன் சிறு துணுக்குகளில் கிடைக்கிறது. டெபோரா பால் மிச்சிகனில் கற்பித்த மூன்றாம் வகுப்பில், 1990 ஜனவரியில் பதிவான ஒரு பாடத்தில், ஆறு என்பது மூன்று இரண்டுகளால் ஆனதால் அது ஒற்றையாகவும் இரட்டையாகவும் இருக்கலாம் என்று ஒரு சிறுவன் சொல்ல, அப்படியானால் ஐந்து இரண்டுகளால் ஆன பத்தும் அவ்வாறே ஆகிவிடுமே என்று ஒரு சிறுமி மறுக்கிறாள். கணித அறிஞர் இதில் வரையறையின் சிக்கலைக் காண்பார்; ஆசிரியப் பயிற்சியாளர் சிறுவனை உடனே திருத்தாத ஆசிரியரின் பொறுமையைக் காண்பார்; மொழி ஆய்வாளர் சிறுமி மறுப்பைக் கட்டும் முறையைக் காண்பார். இவர்களை ஒரே திரையின் முன் அமர்த்துவதே கூட்டாய்வு. ஆய்வாளர்கள் பிரிஜிட் ஜோர்டானும் ஆஸ்டின் ஹென்டர்சனும் 1995இல் விளக்கிய முறையில், எவரும் பதிவை நிறுத்தி விளக்கம் கூறலாம். ஆனால் அவ்விளக்கத்துக்குத் திரையில் சான்று இருந்தாக வேண்டும். பதவிக்கும் அனுபவத்துக்கும் தலைவணங்காத இந்நெறி மிகவும் போற்றத்தக்கது.

இன்று ஈலான், டிரான்சானா போன்ற மென்பொருள்கள் குரல், சைகை, பார்வை ஆகியவற்றைத் தனித்தனி அடுக்குகளாகக் குறிக்க உதவுகின்றன. ஸ்டான்ஃபோர்டில் ராய் பீயின் குழு உருவாக்கிய டைவர், விரிந்த காட்சியில் தாம் கவனித்த பகுதியை மட்டும் கட்டமிட்டுக் குறிப்புடன் பிறருக்குக் காட்ட வழிசெய்தது. ஆயினும் ஒளிப்பதிவுக் கருவி திரும்பாத மூலையில் நடந்ததை எந்த மென்பொருளும் மீட்டுத் தராது.

குழந்தைகளின் முகமும் தடுமாற்றமும் பதிவாவதால், எவருக்குக் காட்டலாம் என்பதும் முன்னரே தீர்க்கப்பட வேண்டியதாகிறது. மேற்சொன்ன 638 பாடங்களும் பொதுப் பார்வைக்கு விடப்படாமல், பெற்றோர், ஆசிரியர் ஆகியோரின் இசைவுடன் தனியே படமாக்கப்பட்ட பாடங்களே வெளியிடப்பட்டன.