தீர விசாரிக்கும் தொழில்

“மாஸ்டர், மகள் ஜேர்ணலிசம்தான் படிப்பன் எண்டு நிக்கிறாள். நீங்கள் சொன்னால் கேப்பாள். வேண்டாம் எண்டு ஒருக்காச் சொல்லுங்கோ.”

சென்ற ஆண்டு எமது ரெக்ஸ்டேல் வகுப்பு முடிந்து பிள்ளைகள் வீடு திரும்பும் வேளையில் ஒரு தந்தையார் எம்மிடம் இவ்வாறு கேட்டுக்கொண்டார். அன்று நாம் மறுமொழி கூறவில்லை. அதனை இம்மலர் வாயிலாகக் கூற விழைகின்றோம். இதே கேள்வி வேறு பெற்றோர் மனங்களிலும் இருக்கக்கூடும்.

தந்தையாரின் அச்சம் காரணமற்றதன்று. பி.பி.சி. தமிழோசைக்குச் செய்தி வழங்கிய மயில்வாகனம் நிமலராஜன் 2000 ஒக்டோபர் 19 இல் யாழ்ப்பாணத்தில் தமது வீட்டிலேயே கொல்லப்பட்டார். ‘தராக்கி’ எனும் பெயரில் எழுதிய தர்மரத்தினம் சிவராம் 2005 ஏப்ரலில் கொழும்பில் கடத்திக் கொல்லப்பட்டார். 2006 மே 2 இல் யாழ்ப்பாணம் ‘உதயன்’ அலுவலகத்தினுள் புகுந்த ஆயுததாரிகள் ஊழியர் இருவரைச் சுட்டுக் கொன்றனர். மறுநாள் உலகப் பத்திரிகைச் சுதந்திர தினம்.

அக்காலத்தில் நாம் அங்கே ஆசிரியப் பணியில் இருந்தோம். கட்டுரை எழுதுவதில் வல்ல மாணவன் ஒருவன் செய்தியாளனாக வர விரும்புவதாகச் சொன்னான். “வேண்டாம் தம்பி, உயிரோடை இருக்கிற வழியைப் பார்” என்று தடுத்தோம். அவன் சொற்கேட்டுக் கணக்கியல் படித்தான். அவ்வறிவுரை தவறென்று இன்றும் நாம் எண்ணவில்லை. ஆயினும், அந்நாட்களை எழுதி வைக்கக்கூடிய ஒருவனை எமது ஊர் இழந்தது என்பதும் உண்மையே.

கனடாவில் நிலைமை வேறு. 1982 ஆம் ஆண்டின் உரிமைகள், சுதந்திரங்கள் சாசனம் பத்திரிகைச் சுதந்திரத்தை உறுதி செய்கின்றது. இங்குள்ள அச்சம் பெரும்பாலும் ஊதியம் பற்றியது. 2023 செப்டெம்பரில் மெற்றோலாண்ட் நிறுவனம் 70 இற்கும் மேற்பட்ட வார இதழ்களின் அச்சுப் பதிப்பை நிறுத்தியது. எமது பகுதியின் ‘எற்றோபிக்கோ கார்டியன்’ இதழும் அவற்றுள் ஒன்று. 2024 பெப்ரவரியில் பெல் நிறுவனம் 4,800 பேரைக் குறைப்பதாக அறிவித்தது. அதன் ஊடகப் பிரிவும் இதிலிருந்து தப்பவில்லை. இவற்றை மறைத்து மாணவருக்கு ஆசை காட்டுதல் ஆசிரியருக்கு அழகன்று.

அவ்வாறாயின் இதனை ஏன் கற்க வேண்டும்? அங்கு கற்பிக்கப்படுவது யாதென அறிந்தால் விடை கிடைக்கும்.

ஒட்டாவாவிலுள்ள கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் 1945 முதல் இதழியல் கற்பிக்கப்படுகின்றது. 1948 இல் ரயர்சன் என்ற பெயரில் தொடங்கி, 2022 முதல் ரொறன்ரோ மெற்றோபொலிற்றன் பல்கலைக்கழகம் என வழங்கும் கல்விக்கூடமும் இத்துறையில் பெயர் பெற்றது. இவற்றில் இளமாணிப் படிப்பு நான்கு ஆண்டுகள். யார், என்ன, எங்கே, எப்போது, ஏன், எப்படி என்னும் ஆறு வினாக்களில் பாடம் தொடங்கும். முதன்மையான செய்தியை முதலில் எழுத வேண்டும். இடம் போதாமல் அடிப்பகுதியை வெட்டினாலும் பொருள் கெடாது. நேர்காணல், ஒலி ஒளிப்பதிவு, புள்ளிவிபரங்களை ஆராய்தல், சட்டம், ஒழுக்கநெறி யாவும் உண்டு. குற்றஞ்சாட்டப்பட்டவர் 18 வயதுக்குட்பட்டவராயின் பொதுவாக அவர் பெயரை வெளியிடலாகாது என்பது கனடியச் சட்டம். உண்மையாயினும் எழுதக்கூடாதவை உண்டு என்பதை மாணவர் அங்கே அறிவர்.

இவை அனைத்தையும் எமது பாட்டிமார் ஒரே பழமொழியில் அடக்கிவிட்டனர்: கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய். இவ்வாறு விசாரித்து, கேட்டதைப் பிழையின்றி, பிறருக்கு விளங்கும்படி எழுதத் தெரிந்தவருக்குச் செய்தித்தாள் மட்டுமே வாசலன்று. சட்டம், அரசாங்க அலுவலகம், கல்விச்சபை, வைத்தியசாலை ஆகிய எங்கும் அத்திறன் வேண்டப்படுகின்றது.

மாணவச் செல்வங்களே, ஆயத்தத்தை இன்றே தொடங்கலாம். 12 ஆம் வகுப்பு ஆங்கிலத்தில் நல்ல பெறுபேறு இன்றியமையாதது. பாடசாலைப் பத்திரிகையில் எழுதுங்கள். ஹம்பர் கல்லூரி வரை செல்லும் ஃபிஞ்ச் மேற்கு இலகு தொடருந்து 2025 டிசம்பரில் ஓடத் தொடங்கியது. வீதி கிண்டப்பட்டிருந்த ஆண்டுகளில் வியாபாரம் எவ்வாறிருந்தது என்று அவ்வீதிக் கடைக்காரர் மூவரிடம் கேட்டு, ஒரு பக்கத்தில் எழுதிப் பாருங்கள். மூவரும் மூன்று விதமாகச் சொல்வர். அங்கேதான் உங்கள் தொழில் தொடங்குகின்றது.

தமிழையும் விட்டுவிடாதீர்கள். இலங்கையின் முதல் தமிழ்ப் பத்திரிகையான ‘உதயதாரகை’ 1841 இல் யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷனரிமாரால் தமிழிலும் ஆங்கிலத்திலும் வெளியிடப்பட்டது. அதன் ஆசிரியர்களான ஹென்றி மார்ட்டின், சேத் பேசன் இருவரும் வட்டுக்கோட்டைச் செமினரியில் கற்ற தமிழர்கள். சென்னையில் ஆசிரியராகப் பணிபுரிந்த ஜி. சுப்பிரமணிய ஐயர் 1878 இல் நண்பர்களுடன் ஆங்கிலத்தில் ‘இந்து’ இதழைத் தொடங்கி, 1882 இல் தமிழில் ‘சுதேசமித்திரன்’ இதழையும் தொடங்கினார். எமது இதழியலின் முன்னோடிகள் இரு மொழியாளர்கள். சனிக்கிழமைகளில் இங்கு வரும் பிள்ளைகளின் கையிலும் அந்த இரு மொழிகள் உள்ளன. ஆங்கிலம் பேசத் தயங்கும் ஒரு முதியவரிடம் அவர் மொழியிலேயே கேட்டு, நாடு முழுவதும் விளங்கும்படி எழுதுதல் எல்லோர்க்கும் கைவராது.

இனி அந்தத் தந்தையாருக்கு எமது மறுமொழி. ஐயா, வேண்டாம் என்று இரண்டாம் முறையும் ஒரு பிள்ளைக்குச் சொல்ல எமக்கு மனம் ஒப்பவில்லை. வேலை அரிது என்பதை மகளுக்கு மறைக்காமல் சொல்லுங்கள். துணைக்கு இன்னொரு துறையையும் கற்கச் சொல்லுங்கள். அதன்பின் முடிவை அவரிடம் விடுங்கள். அவருக்கு நாம் ஒரு பயிற்சி கொடுத்துள்ளோம். தாங்கள் ஊரை விட்டுப் புறப்பட்ட நாளைப் பற்றித் தங்களிடம் கேட்டு எழுத வேண்டும். திகதியையும் இடத்தையும் தாயாரிடம் சரிபார்க்க வேண்டும். அவர் குறிப்புப் புத்தகத்துடன் வந்து அமரும்போது, “அதெல்லாம் இப்ப ஏன் பிள்ளை” என்று சொல்லிவிடாதீர்கள்.