படுக்கையருகே ஒரு மருத்துவ மாணவர்: நோயாளி தெரிந்துகொள்ள வேண்டியவை

காலை நேரம். மருத்துவமனை வார்டில் மூத்த மருத்துவருக்குப் பின்னால் நான்கைந்து இளையர்கள் வருகிறார்கள். அவர்களில் ஒருவர் படுக்கையருகே வந்து, “அம்மா, நான் மருத்துவ மாணவர். உங்களிடம் சில கேள்விகள் கேட்கலாமா?” என்கிறார்.

சிங்கப்பூரின் பொது மருத்துவமனைகளில் இது வழக்கமான காட்சி. ‘நம்மை வைத்துப் பழகுகிறார்களோ’ என்ற தயக்கம் நோயாளிக்கு எழுவது இயல்பு. மறுத்தால் மருத்துவர் கோபித்துக்கொள்வாரோ என்ற பயம் மூத்தோர் சிலருக்கு உண்டு.

வார்டுக்கு எப்போது வருகிறார்கள்?

இங்கு மூன்று மருத்துவப் பள்ளிகள் உள்ளன. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் யோங் லூ லின் மருத்துவப் பள்ளி, 1905இல் தொடங்கப்பட்ட பள்ளியின் வழிவந்தது. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் லீ கொங் சியான் மருத்துவப் பள்ளி 2013இல் முதல் மாணவர்களைச் சேர்த்தது. இரண்டிலும் படிப்பு ஐந்து ஆண்டு. முதலிரண்டு ஆண்டுகளில் பெரும்பாலும் வகுப்பறைப் பாடம். மூன்றாம் ஆண்டிலிருந்து பொதுவாக வார்டுதான் வகுப்பறை. பட்டதாரிகளைச் சேர்க்கும் டியூக்-என்யுஎஸ் மருத்துவப் பள்ளியில் படிப்பு நான்கு ஆண்டு. அங்கு இரண்டாம் ஆண்டிலேயே நோயாளிகளைப் பார்க்கத் தொடங்குகிறார்கள்.

லிட்டில் இந்தியா வட்டாரத்துக்கு இது புதிதல்ல. தேக்காவுக்கு அருகிலிருந்த கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் 1966இல் மட்டும் ஏறத்தாழ 40,000 குழந்தைகள் பிறந்தன. தலைமுறை தலைமுறையாக மருத்துவர்கள் பிரசவம் பார்க்கக் கற்றுக்கொண்டது அங்குதான்.

என்ன செய்வார்கள்?

ஊசி போடுவது போன்ற கைவேலைகளை முதலில் பொம்மை உடல்களில் பழகுகிறார்கள். நோயாளியிடம் வந்ததும் முதல் வேலை, பொறுமையாகக் கேட்பது. என்ன தொந்தரவு, எப்போது தொடங்கியது, என்ன மருந்து சாப்பிடுகிறார், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, குடும்பத்தில் யாருக்கு என்ன நோய், வீட்டில் கவனிக்க யார் இருக்கிறார் என்று வரிசையாகக் கேட்பார்கள். பிறகு உடலைப் பார்ப்பது, தொடுவது, விரலால் தட்டுவது, ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்பது.

மாணவர் மருந்து எழுதிக் கொடுக்க முடியாது. சிகிச்சையை மாற்றவும் முடியாது. அவர் கண்டறிந்ததை மூத்த மருத்துவரிடம் சொல்ல வேண்டும். முடிவு எடுப்பவர் மருத்துவரே.

சொல்லில் இருக்கும் பாடம்

‘மயக்கமா வருது’ என்று ஒரு பாட்டி சொன்னால், அறை சுற்றுவதுபோல் இருக்கலாம். எழுந்து நிற்கும்போது கண் இருட்டலாம். வெறும் அசதியாகவும் இருக்கலாம். முதலாவதற்குக் காதுக் கோளாறு காரணமாகலாம். இரண்டாவதற்கு ரத்த அழுத்தம் குறைவது காரணமாகலாம். ‘எப்படி இருக்கிறது, விளக்கிச் சொல்லுங்கள்’ என்று திரும்பக் கேட்கத் தெரிந்த மாணவரே காரணத்தை நெருங்குவார். எந்தப் பாடநூலும் இதைப் பாட்டியைப்போல் கற்றுத்தராது.

நீரிழிவு மாத்திரையோடு நாட்டு மருந்தும் சாப்பிடுவதைப் பலர் மருத்துவரிடம் சொல்வதில்லை. அவசரமின்றி உட்கார்ந்து கேட்கும் மாணவரிடம் அது வெளிவந்தால் நோயாளிக்கும் நன்மை.

மறுக்கலாமா?

தாராளமாக மறுக்கலாம். ‘இன்று வேண்டாம்’ என்று சொன்னால் போதும். காரணம் சொல்லத் தேவையில்லை. அதனால் சிகிச்சை குறையாது. கேள்விகளுக்கு மட்டும் சம்மதித்து, பரிசோதனையை மறுக்கலாம். பாதியில் நிறுத்தச் சொல்லலாம். மறைவான உறுப்புகளைப் பரிசோதிப்பதாக இருந்தால், துணைக்கு ஒருவர் உடனிருக்கும்படி கேட்கலாம். வந்திருப்பவர் மாணவரா மருத்துவரா என்று தெரியாவிட்டால் தயங்காமல் கேட்டுக்கொள்ளலாம்.

அப்படியென்றால் ஏன் சம்மதிக்க வேண்டும்? படித்து முடித்த மறு ஆண்டே இந்த மாணவர் இளநிலை மருத்துவராக வார்டில் நிற்பார். நள்ளிரவில் நெஞ்சுவலியோடு சேர்க்கப்படும் ஒருவரை முதலில் பார்ப்பவர் அவராக இருக்கலாம். அன்று அவர் எதைக் கேட்க வேண்டும், எங்கே கை வைக்க வேண்டும் என்பதெல்லாம் இன்று யாரோ ஒரு பாட்டி, யாரோ ஒரு தாத்தா ‘சரி தம்பி, பாருங்க’ என்று சொன்னதால் தெரிந்தவைதான்.