ஜப்பான் பங்குகள்: சிறு முதலீட்டாளருக்கு மட்டும் பூட்டு

புது தில்லி: டோக்கியோ பங்குச் சந்தையின் நிக்கேய் குறியீட்டெண் 1989 டிசம்பர் 29-ம் தேதி 38,915 புள்ளிகளில் நிறைவடைந்தது. அந்த உச்சத்தைக் கடக்க 34 ஆண்டுகளுக்கு மேலாயிற்று. 2024 பிப்ரவரி 22-ல் அது நிகழ்ந்தபோது, இந்தியச் சிறு முதலீட்டாளருக்கு இருந்த எளிய வழியான பரஸ்பர நிதி பாதி அடைபட்டிருந்தது.

ஜப்பான் பங்குகளுக்கென்றே ரிலையன்ஸ் பரஸ்பர நிதி 2014-ல் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. அந்நிறுவனம் 2019-ல் ஜப்பானின் நிப்பான் லைஃப் வசமானதும் திட்டத்தின் பெயரும் மாறியது. ஆனால் சிக்கல் பெயரில் இல்லை. பரஸ்பர நிதி நிறுவனங்கள் அனைத்தும் சேர்ந்து வெளிநாட்டுப் பங்குகளில் 700 கோடி டாலருக்கு மேல் முதலீடு செய்யக்கூடாது என்று 2008-ல் ரிசர்வ் வங்கி வரம்பு விதித்தது. அப்போது சுமார் ரூ. 5 லட்சம் கோடியாக இருந்த இத்துறையின் சொத்து மதிப்பு, 2022 தொடக்கத்தில் ரூ. 38 லட்சம் கோடியைத் தொட்டது. வரம்பு மட்டும் அசையவில்லை.

வரம்பு நெருங்கியதும், 2022 பிப்ரவரி முதல் புதிய முதலீடுகளை ஏற்க செபி தடை விதித்தது. ஜூனில் வந்த தளர்வும் பெயரளவுக்கே: ஏற்கெனவே போட்டவர் பணத்தை எடுத்தால், அந்த இடத்துக்குப் புதியவர் வரலாம். ஏறக்குறைய ரயில்வே காத்திருப்போர் பட்டியல்தான்.

அன்னியச் செலாவணியைக் காக்க வேண்டும் என்ற வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. 2022 அக்டோபரில் கையிருப்பு 52,500 கோடி டாலர் அளவுக்குச் சரிந்தது உண்மை. ஆனால் 2024 செப்டம்பரில் அது 70,000 கோடி டாலரைத் தாண்டியது. மேலும், வசதி படைத்தவர் தனிநபர் பணம் அனுப்பும் திட்டத்தில் ஆண்டுக்கு 2.5 லட்சம் டாலரை நேரடியாக வெளிநாட்டில் முதலீடு செய்யலாம். மைனர் குழந்தையின் பெயரிலும் அனுப்பலாம். மாதம் ஆயிரம் ரூபாய் சேமிப்பவரால்தான் ரூபாய் மதிப்பு சரிகிறதா?

ஜப்பான் முதலீடு ஆபத்தற்றது என்று எவரும் கூறமாட்டார். 2024 ஆகஸ்ட் 5-ம் தேதி ஒரே நாளில் நிக்கேய் 12.4 சதவீதம் வீழ்ந்தது. யென் மதிப்பு சரிந்தால், பங்கு விலை உயர்ந்தும் ரூபாய்க் கணக்கில் லாபம் கரையும்.

வரியும் ஒரு கதை. அதானி விவகாரத்தில் கூட்டுக்குழு விசாரணை கோரி எழுந்த அமளிக்கிடையே, 2023 மார்ச் 24-ல் நிதி மசோதா 64 திருத்தங்களுடன், விவாதமின்றி மக்களவையில் நிறைவேறியது. அத்திருத்தங்களில் ஒன்று, இத்திட்டங்களுக்கான நீண்டகால வரிச் சலுகையைப் பறித்தது. 2024 ஜூலை பட்ஜெட் அதைச் சரிசெய்தது: 2025 ஏப்ரல் முதல், 2 ஆண்டுகளுக்கு மேல் வைத்திருந்து விற்போருக்கு வரி 12.5 சதவீதம்.