துகளின் அசைவும் துறைகளின் கேள்வியும்

“அறிவியல் இவ்வாறு கூறுகிறது” என்று ஒருமையிற் பேசுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. ஆயினும் அறிவியல் பல துறைகளை உடையது. ஒவ்வொரு துறையும் தனக்குரிய கேள்வியோடும் தனக்குரிய கருவியோடும் பொருள்களை அணுகுகிறது. நீரிலுள்ள நுண்துகள்களின் ஓயாத அசைவு இதனை விளக்கத்தக்க நல்ல சான்றாகும். அவ்வசைவை நான்கு துறையினர் ஆராய்ந்த வரலாற்றை இங்குச் சுருக்கமாகக் காண்போம்.

1. தாவரவியலார்: இது உயிரின் அசைவா?

1827ஆம் ஆண்டுக் கோடையில், ஸ்காட்லாந்து நாட்டுத் தாவரவியலார் ராபர்ட் பிரௌன், கிளார்க்கியா என்னும் செடியின் மகரந்தத்தை நீரிலிட்டு நுண்ணோக்கியால் ஆராய்ந்தார். மகரந்த மணிகளின் உள்ளிருந்த, ஏறத்தாழ 5 மைக்ரோமீட்டர் அளவுள்ள துகள்கள் ஓயாது அசைவதைக் கண்டார். மகரந்த மணிகளே அசைந்தன என்று சில நூல்கள் கூறுவது பிழை. அவை அவ்வாறு புலப்பட அசையாத அளவுக்குப் பெரியவை.

தாவரங்களின் கருவுறுதலை ஆராய்ந்துகொண்டிருந்த அவருக்கு இது உயிரோடு தொடர்புடைய அசைவாகவே முதலில் தோன்றியது. ஆனால் அவர் அவ்வெண்ணத்தோடு நின்றுவிடவில்லை. நெடுங்காலத்திற்கு முன் உலர்ந்த செடிகளைச் சோதித்தார், துகள்கள் அசைந்தன. கண்ணாடியையும் பாறைகளையும், எகிப்திய ஸ்பிங்க்ஸ் சிலையின் ஒரு துண்டையுங்கூடப் பொடித்துப் பார்த்தார், அவையும் அசைந்தன. ஆகவே, இவ்வசைவு உயிருக்கே உரியதன்று என்பது தெளிவாயிற்று. அதன் காரணம் யாது என்னும் கேள்வி மட்டும் எஞ்சி நின்றது.

2. இயற்பியலார்: எவ்வளவு தொலைவு நகரும்?

நீரின் மூலக்கூறுகள் எப்பக்கமும் மோதுவதாலேயே துகள் அசைகிறது என்று பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சிலர் கருதினர். ஆனால் மூலக்கூறுகள் மெய்யாகவே உள்ளனவா, அன்றிக் கணக்கீட்டுக்கு உதவும் கற்பனையா என்பதே அப்போது வழக்கிலிருந்தது. எர்ன்ஸ்ட் மாக், வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்ட் போன்ற பேரறிஞர்கள் அணுக் கொள்கையை ஏற்கவில்லை.

துகளின் வேகத்தை அளக்க முயன்றவர்கள் தோல்வியுற்றனர். அதன் திசை கணந்தோறும் மாறுவதே அதற்குக் காரணம். 1905ஆம் ஆண்டில் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் கேள்வியையே மாற்றினார். வேகத்தை விடுத்து, குறித்த நேரத்தில் துகள் தொடங்கிய இடத்திலிருந்து சராசரியாக எவ்வளவு விலகும் எனக் கணக்கிட்டார். 1 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள துகள் நீரில் ஒரு நிமிடத்தில் ஏறத்தாழ 6 மைக்ரோமீட்டர் விலகும் என்று விடை கிடைத்தது. நேரம் நான்கு மடங்கானால் விலக்கம் இரு மடங்கே ஆகும். போலந்து அறிஞர் ஸ்மோலுகோவ்ஸ்கியும் 1906இல் வேறு வழியில் இத்தகைய முடிவுக்கே வந்தார்.

3. இயற்பிய வேதியியலார்: எத்தனை மூலக்கூறுகள்?

பாரிசில் ழான் பெரென் 1908 முதல் இக்கணக்கைச் சோதித்தார். காம்போஜ் என்னும் மஞ்சட் பிசினைத் துகள்களாக்கி, மையவிலக்குக் கருவியால் ஒரே அளவினவற்றைப் பிரித்தெடுத்து நீரில் மிதக்கவிட்டார். மலைமேல் ஏறுந்தோறும் காற்று அடர்த்தி குறைவது போலவே, மேலே செல்லச் செல்லத் துகள்களின் எண்ணிக்கையும் குறைந்தது. காற்று பாதியாவதற்கு ஏறத்தாழ ஐந்தரைக் கிலோமீட்டர் ஏற வேண்டும். அவருடைய துகள்கள் பாதியாவதற்கு 30 மைக்ரோமீட்டரே போதுமானதாயிருந்தது. இவ்விரு அளவுகளையும் ஒப்பிட்டு, அவர் மூலக்கூறுகளை எண்ணும் வழியைக் கண்டார். அவகாட்ரோ எண்ணுக்கு அவர் பெற்ற மதிப்பு, இன்று ஏற்கப்பட்டுள்ள 6.022 × 10²³ என்பதைவிடச் சற்று மிகுதி. எனினும், தொடர்பற்ற பல முறைகளும் ஏறத்தாழ ஒரே எண்ணைத் தந்தமையே பெரிய சான்றாயிற்று. 1909இல் ஆஸ்ட்வால்ட் தம் கருத்தை மாற்றிக்கொண்டதை வெளிப்படையாக எழுதினார். பெரெனுக்கு 1926இல் நோபல் பரிசு கிடைத்தது.

4. உயிரியலார்: ஒழுங்கான நடை எவ்வாறு பிறக்கிறது?

உயிரணுவுக்குள் இருக்கும் புரதமும் இம்மோதலுக்குத் தப்புவதில்லை. அங்ஙனமாயின், நரம்பணுவின் நீண்ட இழையில் சுமைகள் ஒரே திசையில் கொண்டுசெல்லப்படுவது எங்ஙனம்? 1985இல் கண்டறியப்பட்ட கைனசின் என்னும் புரதம், நுண்குழல்களின்மீது ஈரடி வைத்து நடந்து அச்சுமைகளை இழுக்கிறது. ஆர்தர் ஆஷ்கின் 1986இல் உருவாக்கிய ஒளி இடுக்கியைக் கொண்டு, அதன் ஒவ்வோர் அடியும் 8 நானோமீட்டர் என 1993இல் அளந்தனர். பின்னுள்ள அடி முன்னிடத்தைத் தேடி அடைவதில் மூலக்கூறுகளின் தாறுமாறான மோதலுக்கும் பங்குண்டு. அடிக்கு ஒன்றாகச் செலவாகும் ஏ.டி.பி. மூலக்கூற்றின் ஆற்றலே அவ்வசைவை ஒரு திசைப்படுத்துகிறது.

5. முடிவுரை

இந்நான்கு விடைகளும் ஒன்றையொன்று அழிப்பவை அல்ல. பிரௌன் தம் முதல் எண்ணத்தை விலக்கியதனால் இயற்பியலுக்கு வழி திறந்தது. இயற்பியலின் கணக்கு வேதியியலுக்கு எண்ணும் வழியை அளித்தது. உயிரின் அசைவு அன்று எனத் தாவரவியலார் விலக்கிய அதே அசைவை, உயிர் தன் பணிக்குப் பயன்படுத்துகிறது என்பதை உயிரியலார் பின்னர் கண்டனர். எனினும் ஒவ்வொரு விடைக்கும் எல்லையுண்டு. ஐன்ஸ்டைனின் கணக்கு பல துகள்களின் சராசரியைக் கூறுமேயன்றி, கண்முன் நிற்கும் ஒரு துகள் அடுத்து எப்பக்கம் செல்லும் என்று கூறாது.

ஆகவே, பிரசங்கத்திலோ வகுப்பிலோ அறிவியலை மேற்கோள் காட்டுமுன், இது எத்துறையின் கூற்று, எக்கேள்விக்கு அளித்த விடை, எவ்வாறு அளந்து பெற்றது என்னும் மூன்றையும் நாம் வினவுதல் நலம்.