100 ஆண்டு கடந்த காந்தி ஆசிரமம்: பெயின்ட் அடிச்சா மட்டும் போதுமா?

நாமக்கல் மாவட்டம் திருச்செங்கோடு பக்கத்தில் இருக்கிறது புதுப்பாளையம். 1925 பிப்ரவரியில் ராஜாஜி இங்கே காந்தி ஆசிரமத்தைத் தொடங்கினார். திறந்து வைத்தவர், அப்போது காங்கிரஸில் இருந்த பெரியார். கதர், மதுவிலக்கு, தீண்டாமை ஒழிப்பு ஆகியவற்றை ஒரு கிராமத்தில் செய்து காட்டுவதுதான் நோக்கம். ராஜாஜியின் மதுவிலக்கு இதழான ‘விமோசனம்’ பத்திரிகைக்காக எழுத்தாளர் கல்கியும் இங்கே வேலை பார்த்தார்.

இந்த மாதிரி பழைய வளாகங்களைப் புதுப்பிக்கும்போது எதைக் கவனிக்கணும்?

சிமென்ட் பூசினால் என்ன தப்பு?
சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவர், இழுத்த ஈரத்தைத் தானே வெளியே விட்டுவிடும். மேலே சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்பு பூத்து, செங்கல் உதிரும். பழைய சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சுதான் சரி.

மரங்கள் எதுக்கு?
வெயில் கொளுத்தும் இந்தச் சமவெளியில் ஓட்டுக் கட்டிடத்துக்கு வேம்பு, புங்கன் நிழல்தான் ஏசி. முற்றம் முழுக்க சிமென்ட் தளம் போட்டால் மழைநீர் மண்ணில் இறங்காது. அதேசமயம், சுவர் விரிசலில் முளைக்கும் அரசங்கன்றை உடனே அகற்றணும். வேர் சுவரையே பிளந்துவிடும்.

அப்புறம் யார் பார்த்துக்கொள்வது?
மகாராஷ்டிராவின் சேவாகிராமில் காந்தி வாழ்ந்த மண் குடிசை இன்றும் நிற்கக் காரணம், தொடர்ந்து செய்யும் பராமரிப்பு. திறப்பு விழாவோடு வேலை முடிவதில்லை. தறிச் சத்தமும் ஆள் நடமாட்டமும் இருந்தால்தான் ஒழுகும் ஓடு யார் கண்ணிலாவது படும். கதர் விற்றால்தான் தறி ஓடும். அந்த இடத்தில் நம்ம பங்கும் இருக்கு.