அடுப்புக்கும் ஓய்வு வேண்டும்: இந்தூரில் ஞாயிறு முற்பகல்

வாரத்தில் ஆறு நாள் அலுவலகம் சென்று வருவோருக்கு ஏழாம் நாள் ஓய்வு. ஆறு நாளும் அடுப்படியில் நின்றவருக்கோ அந்த ஏழாம் நாளில்தான் வேலை இரட்டிக்கிறது. வடக்கே குடியேறி வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் ஞாயிற்றுக்கிழமை எவ்வாறு கழிகின்றது என்பதை வாசக அன்பர்கள் அறிவார்கள். எட்டு மணிக்குக் காப்பி. ஒன்பதரைக்கு இட்டிலி, சட்டினி, சாம்பார். அது செரிக்குமுன் ஒரு மணிக்கு வற்றற்குழம்பு, கூட்டு, பொரியல், அப்பளம். விடுமுறை நாளாயிற்றே, வயிறார உண்ண வேண்டாமா என்பது இல்லத்தலைவரின் வாதம். வாதத்தைச் செயலாக்கும் பொறுப்பு இல்லத்தலைவியுடையது. அவர் பாத்திரங்களை ஒழித்துப் போட்டுவிட்டு உட்காரும்போது கடிகாரம் இரண்டரை காட்டும். விடுமுறையில் பெரும்பகுதி போய்விட்டிருக்கும்.

இதற்கு ஆங்கிலேயர் ஒரு வழி கண்டார்கள். காலையுணவையும் பகலுணவையும் ஒன்றாக்கி, முற்பகலில் ஒரே வேளையாக உண்பது. அதற்கு 'பிரன்ச்' என்று பெயரிட்டு, ஞாயிற்றுக்கிழமைக்கு அதுவே தக்கது என்று கை பெரிஞ்சர் என்பவர் 1895-இல் ஒரு கட்டுரை எழுதினார். இன்று அச்சொல் நட்சத்திர ஓட்டல்களின் விளம்பரப் பலகைகளில் ஏறி அமர்ந்திருக்கிறது. அங்கே நாற்பது வகைப் பண்டங்களை வரிசையாக வைத்திருப்பார்கள். கொடுத்த பணத்துக்கு ஈடு செய்யவேண்டுமே என்ற கவலையால் மனிதர் பசிக்கு மேலும் உண்பார். அதைப்பற்றி இவ்வளவு கூறினால் போதும். பெயர் ஏதுமில்லாமலே இவ்வழக்கத்தைத் தன் தெருக்களில் வளர்த்துக்கொண்ட ஒரு நகரத்தைப்பற்றியே எழுத விரும்புகிறேன்.

மாளவ பீடபூமியில், ஹோல்கர் மன்னர்கள் ஆண்ட ஊர் இந்தூர். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ இருபது லட்சம் மக்கள் வாழும் நகரம். டில்லி, பம்பாய் போன்று மலைக்கவைக்கும் அளவுடையதன்று. அரைமணி நேரத்தில் ஊரின் பெரும்பாலான பகுதிகளுக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். வங்கிகளிலும், பீதம்பூர்த் தொழிற்சாலைகளிலும், 1996-இல் தொடங்கிய இந்திய மேலாண்மைக் கழகத்திலும், 2009-இல் தொடங்கிய இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திலும் பணி பெற்று நம்மவர் பலர் இங்கு வந்து தங்கியிருக்கின்றனர். மாற்றல் உத்தரவு கைக்கு வந்தவுடன் அவர்கள் கேட்கும் முதற்கேள்வி, 'அங்கே இட்டிலி அரிசி கிடைக்குமா?' என்பதே. கிடைக்கும். ஆனால் அதற்கு ஞாயிறன்று ஓய்வு கொடுக்கலாம் என்பதே என் கட்சி.

சனிக்கிழமை இரவு இந்தூர் உறங்குவதில்லை. ராஜவாடா அரண்மனைக்கு அருகேயுள்ள சராஃபா, பகலில் பொன்வணிகர் வீதி. நகைக்கடைகள் கதவடைத்த பின்னர், அவற்றின் வாயில்களிலேயே உணவுக் கடைகள் முளைத்து நள்ளிரவு தாண்டியும் நடைபெறும். ஊரிலிருந்து விருந்தாய் வந்த உறவினர் சிலர் காலை பத்து மணிக்கு அங்கே போய், தங்கச் சங்கிலிகளை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவதுண்டு. இரவு விழித்திருந்த ஊர் ஞாயிறன்று தாமதமாகவே எழுகின்றது. ஒன்பது மணிக்கு மேல் குடும்பம் குடும்பமாக வெளியே கிளம்புகின்றது. எதற்கு? அவலுக்கு!

ஆம், நம் வீட்டுக் கிருஷ்ண ஜயந்தி அவல்தான். இங்கே அதற்குப் 'போஹா' என்று பெயர். 'அவல் உப்புமாவைத் தின்னவா தெருவுக்குப் போவது?' என்று நம் பாட்டிமார் முகம் சுளிப்பர். உப்புமாவுக்கும் இதற்கும் உள்ள வேற்றுமையை அறிய, கடைக்காரர் அருகில் சற்று நின்று பார்க்கவேண்டும். அவலைக் கழுவி, நீரை முற்றும் வடித்து, உதிர் உதிராக வைத்திருக்கிறார். கடுகு, சோம்பு, பச்சை மிளகாய் தாளித்து, மஞ்சளும் உப்பும் சிட்டிகை சர்க்கரையும் சேர்த்துப் புரட்டுகிறார். அதன்பின் அதைத் தீயில் வைப்பதில்லை. கீழே ஒரு பெரிய அண்டாவில் நீர் கொதித்துக்கொண்டேயிருக்க, அதன் வாயின்மேல் அவல் நிறைந்த அகன்ற பாத்திரம் அமர்ந்திருக்கிறது. ஆவியின் வெப்பத்திலேயே காலை முழுவதும் அது பதமாகக் காக்கப்படுகின்றது. எனவேதான் பதினொரு மணிக்கு வருபவருக்கும் அது காய்ந்து போகாமல், பூப்போல் மெத்தென்று கிடைக்கின்றது. நம் வீட்டு உப்புமா அரைமணி நேரத்தில் கட்டிதட்டிப் போவதற்கு இதில் ஒரு மருந்து உண்டு, இல்லத்தரசிகள் கவனிக்க.

தட்டில் இட்டபின் மேலே தூவுவனவே அதற்கு உயிர். பச்சை வெங்காயம், கொத்தமல்லித் தழை, எலுமிச்சைச் சாறு, சில கடைகளில் மாதுளை முத்துக்கள், கை நிறையச் 'சேவ்'. சேவ் என்பது நம் ஓமப்பொடியின் காரமான வடநாட்டுச் சகோதரன். அருகேயுள்ள ரத்லாம் ஊரின் சேவுக்குப் புவிசார் குறியீடே வழங்கப்பட்டிருக்கின்றது. எல்லாவற்றுக்கும் மேலாக ஜீராவன் என்னும் பொடி. சீரகம், மல்லி, மிளகாய், உலர்ந்த மாங்காய்ப் பொடி, கறுப்பு உப்பு முதலியன சேர்ந்தது. நமக்கு இட்டிலி மிளகாய்ப்பொடி எப்படியோ, மாளவத்தாருக்கு அது அப்படி. வெங்காயம் உண்ணாதவர் முன்கூட்டியே 'பியாஜ் மத் டாலியே' என்று சொல்லிவிட வேண்டும். சமணர் மிகுந்த நகரமாதலால் எவரும் அதை விந்தையாகப் பார்க்கமாட்டார்.

போஹாவுடன் ஜிலேபி தின்பது இவ்வூர் மரபு. காரத்தையும் இனிப்பையும் மாறி மாறி வாயிலிடுவதா என்று முதலில் தயக்கம் தோன்றும். வெண்பொங்கலோடு சர்க்கரைப் பொங்கலையும் ஒரே இலையில் வைத்து உண்ணும் நாம் இதில் குறை காண நியாயமில்லை. சர்க்கரை நோயுள்ள பெரியவர்கள் மட்டும், 'ஒன்றே ஒன்று' என்று பேரக் குழந்தையின் தட்டிலிருந்து எடுக்கும் பழக்கத்தைத் தவிர்த்தல் நலம். பசி மிகுந்தவர்கள் 'உசல் போஹா' கேட்கலாம். முளைகட்டிய பயற்றில் செய்த காரக்குழம்பை அவலின்மேல் ஊற்றித் தருவார்கள். அது ஒன்றே பகலுணவுக்கு ஈடாகிவிடும்.

போஹாக் கடை இல்லாத தெருமுனை இங்கே அரிது. ஆயினும் குழந்தைகளையும் முதியோரையும் அழைத்துச் செல்வோர் பலாசியாப் பகுதியிலுள்ள சப்பன் துக்கானுக்குச் செல்வது வசதி. 'சப்பன்' என்றால் ஐம்பத்தாறு. ஐம்பத்தாறு கடைகள் ஒரே வரிசையில் நிற்பதால் வந்த பெயர். 2020-இல் அதைச் சீரமைத்து, வண்டிகள் நுழையாத நடைவீதியாக்கினார்கள். உட்காரத் திண்ணைகள் உண்டு. சிறுவர் ஓடியாடினாலும் அச்சமில்லை. 2024 மே மாதம் நாடாளுமன்றத் தேர்தல் நடந்த நாளில், காலையிலேயே வாக்களித்து விரல் மையைக் காட்டியவர்களுக்கு இக்கடைக்காரர்கள் போஹாவும் ஜிலேபியும் இலவசமாக வழங்கினார்கள். குடிமைக் கடமைக்கும் ஜிலேபிக்கும் இவ்வளவு நெருக்கமான உறவை வேறெங்கும் நான் கேள்விப்பட்டதில்லை.

அவ்வீதியில் ஜானி ஹாட் டாக் என்ற கடை புகழ்பெற்றது. பெயரைக் கேட்டு அஞ்சவேண்டா. பெரும்பாலோர் அங்கே வாங்குவது ரொட்டிக்குள் வைத்த உருளைக்கிழங்கு வடையே. முட்டையும் இறைச்சியும் வைத்துத் தருவதும் உண்டாதலால், மரக்கறி உண்போர் தெளிவாகக் கேட்டு வாங்குவது நன்று. விஜய் சாட் ஹவுஸில் தேங்காய்ப் பூரணத்தை உருளைக்கிழங்குக்குள் பொதிந்து பொரித்துத் தருகிறார்கள். தேங்காயைக் கண்டதும் நம்மவர் முகம் மலர்வதைப் பார்க்கவேண்டும்! 'சிகஞ்சி' என்று கேட்டு எலுமிச்சைச் சாற்றை எதிர்பார்த்தவர் ஏமாறுவார். பிற ஊர்களில் அப்பெயருக்கு அதுவே பொருள்; இந்தூரிலோ அது பாலில் செய்து, பருப்புகள் சேர்த்த கெட்டியான குளிர்பானம். ஒரு குவளையை இருவர் பகிர்ந்துகொள்ளலாம்.

இனி ஒரு பண்டத்தைப்பற்றிச் சற்று விரிவாகவே கூறவேண்டும். அதில் நமக்கு ஒரு பங்கு உண்டு. அது சாபூதானாக் கிச்சடி. சாபூதானா வேறொன்றுமன்று, நம் ஜவ்வரிசி. ஏகாதசி, சிவராத்திரி, நவராத்திரி விரதங்களில் தானியம் உண்ணாத மாளவத்தாருக்கும் மராட்டியருக்கும் அதுவே உணவு. இந்தூரில் விரதமில்லாத நாளிலும் அதை விரும்பி உண்கிறார்கள். ஊறவைத்த ஜவ்வரிசியைப் போஹாவைப் போலவே ஆவியின்மேல் வைத்து மென்மையாக்கி, வெந்த உருளைக்கிழங்கு, வேர்க்கடலை, பச்சை மிளகாய், எலுமிச்சை, விரதத்துக்குரிய மிக்சர் ஆகியவற்றைக் கண்முன்னே கலந்து தருகின்றனர்.

இந்தியாவில் ஜவ்வரிசி உற்பத்திக்குத் தலைமையிடம் நம் சேலம். இரண்டாம் உலகப் போரின்போது கீழை நாடுகளிலிருந்து வந்துகொண்டிருந்த சரக்கு தடைப்பட்டது. அப்போது சேலத்துப் பக்கம் மரவள்ளிக் கிழங்கை அரைத்து, பாலெடுத்து, மாவைப் படியவைத்து, குலுக்கி மணியாக்கி, வறுத்து உலர்த்தும் தொழில் வேரூன்றியது. 1981-இல் உற்பத்தியாளருக்கெனச் 'சேகோசர்வ்' என்னும் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இவ்வளவு இருந்தும், தமிழ்நாட்டில் நாம் அதைப் பாயசத்திலும் வடகத்திலும் இட்டதோடு நிறுத்திக்கொண்டோம். உப்பும் காரமும் சேர்த்து வயிறு நிரம்ப உண்ணலாம் என்று நமக்குக் காட்டியவர்கள் வாங்கியவர்களே. 'இங்கே எல்லாம் வேற்று மனிதர், வேற்று உணவு' என்று ஒதுங்கியிருக்கும் அன்பர்கள், சேலத்து உழவரின் மரவள்ளி ஆயிரம் மைலுக்கு அப்பால் இவர்கள் தட்டில் முத்தாக உருண்டிருப்பதை ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும்.

ஒதுங்கியிருத்தல் என்றேன். அதுதான் என் கவலை. இருபது ஆண்டு ஓர் ஊரில் சம்பளம் வாங்கி, வீடும் கட்டி, அந்த ஊர் மக்கள் ஞாயிறன்று என்ன உண்கிறார்கள் என்பதை அறியாமலே ஓய்வுபெறும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. இங்கே பிறந்த பிள்ளைகளோ பள்ளித் தோழர்களின் டப்பாவிலிருந்து போஹாவைச் சுவைத்துவிட்டு, வீட்டில் அதைச் சொல்லக் கூசுகிறார்கள். பிள்ளைக்கு ஊராகிவிட்ட இடம் பெற்றோருக்கு இன்னும் சத்திரமாகவே இருப்பது நல்லதன்று. ஞாயிறன்று எல்லோரும் ஒரே பலகையில் உட்கார்ந்து ஒரே தட்டை உண்டால், பிள்ளை வழிகாட்டுவான், தாத்தா கேட்டுக்கொள்வார். எந்தக் கடையில் சேவ் நன்றாயிருக்கும் என்பதில் அவன் சொல்லே இறுதி.

சிலர் சுத்தத்தைப்பற்றி ஐயம் எழுப்புவர். நியாயமான ஐயமே. மத்திய அரசின் தூய்மை ஆய்வில் இந்தூர் 2017-இல் முதலிடம் பெற்றுத் தொடர்ந்து பல ஆண்டுகள் அதைக் காத்துக்கொண்டது. கடை வாயிலில் ஈரக்குப்பைக்கு ஒன்று, உலர்குப்பைக்கு ஒன்று எனத் தொட்டிகள் நிற்கும். ஆயினும் குடிநீரை வீட்டிலிருந்தே கொண்டு செல்லுங்கள். மழைக்காலத்தில் நறுக்கிவைத்த பழங்களைத் தொடாதீர்கள். செலவைப்பற்றிக் கேட்பீராயின், நட்சத்திர ஓட்டலில் ஒருவருக்காகும் தொகையில் நால்வர் வயிறார உண்டு, ஆட்டோவுக்கும் கொடுத்துவிடலாம்.

காப்பி இல்லாமல் என்ன ஞாயிறு என்பவர்களுக்கு இந்தியன் காபி ஹவுஸ் இருக்கிறது. காப்பி வாரியம் தன் கடைகளை மூடியபோது வேலையிழந்த தொழிலாளர், ஏ. கே. கோபாலன் முயற்சியால் 1950-களின் பிற்பகுதியில் கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்துத் தாமே நடத்தத் தொடங்கியவை அவை. ஜபல்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட சங்கம் மத்தியப் பிரதேசமெங்கும் கிளை பரப்பியிருக்கிறது. தலைப்பாகை அணிந்த பணியாளர், அவசரப்படுத்தாத உபசரிப்பு. செய்தித்தாளோடு நெடுநேரம் உட்காரலாம். அங்கே தோசையும் கிடைக்கும். ஆனால் போஹாவுக்குப் பின் காப்பிக்காக மட்டும் போவதே முறை. முதலிலேயே அங்கு நுழைந்தால் தோசையோடு நின்றுவிடுவோம்.

குளிர்காலத்தில் மட்டும் இந்த ஒழுங்கை மாற்றிக்கொள்ளலாம். அப்போது மாளவத்தார் தால்-பாஃப்லாவுக்கு நாள் குறிப்பார்கள். கோதுமை மாவை உருண்டையாக்கி, முதலில் கொதிநீரில் வேகவைத்து, பின்பு தணலில் சுட்டு, நெய்யில் முக்கியெடுப்பது பாஃப்லா. ராஜஸ்தானத்துப் பாட்டியை நீரில் வேகவைப்பதில்லை. இதனை வேகவைப்பதால் உட்புறம் மென்மையாகிறது. பருப்போடும் லட்டுவோடும் இரண்டு உண்டால், மாலைவரை பசி என்ற சொல்லே நினைவுக்கு வராது. முற்பகலில் போஹா உண்டவர் அன்று இதனை நாடுதல் கூடாது. இரண்டில் ஒன்றுதான்.

விடுமுறைக்கு அகல்யாநகரி எக்ஸ்பிரஸ்ஸில் தமிழகம் செல்வோர், புறப்படுவதற்கு முந்திய ஞாயிறன்று ஜீராவன் பொடியும் ரத்லாம் சேவும் தனித்தனியாகக் கட்டித் தரச் சொல்லி வாங்கிக்கொள்ளலாம். இரண்டையும் ஒரே பொட்டலத்தில் போட்டால் சேவ் நமத்துவிடும். ஜீராவன் ஊரிலும் பயன்படும். கொய்யாப்பழத்தின்மேல் தூவிக் கொடுத்தால், இங்குள்ளதையெல்லாம் குறைகூறும் மாமாக்கள்கூட அது எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்பார்கள்.